275 வெள்ளை இறகுகள்: ஆக்ஸ்ஃபர்டு விவாத மன்றத்தின் ஓர் இரவு

மாணவர் விவாத மன்றம் நடத்தியவர்களைக் கேட்டால், பேச்சாளர்களைப் பிடிப்பதுதான் பெரிய தலைவலி என்பார்கள். இடம், நேரம், கூட்டம் என்று அடுத்தடுத்த தலைவலிகளையும் சொல்வார்கள். தலைப்பு எழுதுவதைப் பற்றி மட்டும் அதிகம் பேச மாட்டார்கள். யாரோ ஒருவர் அரைமணி நேரத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடும் வேலை அது என்ற நினைப்பு. அந்த நினைப்பு எவ்வளவு பிசகு என்று காட்ட, 1933 பிப்ரவரி 9, வியாழக்கிழமை இரவு ஆக்ஸ்ஃபர்டில் நடந்ததைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

அன்றிரவு ஆக்ஸ்ஃபர்டு யூனியன் எடுத்துக்கொண்ட தீர்மானம் இது: “எந்தச் சூழ்நிலையிலும் இம்மன்றம் தன் மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் போரிடாது.” ஆதரவு 275, எதிர்ப்பு 153. தீர்மானம் நிறைவேறியது.

மாணவர் மன்றம் ஒன்றின் வழக்கமான விவாதம். அடுத்த கூட்டத்தில் வேறு தலைப்பு வந்ததும் மறந்துபோயிருக்க வேண்டியது. ஆனால் நாளிதழ்கள் தலையங்கம் எழுதின. வின்ஸ்டன் சர்ச்சில் மேடையேறித் திட்டினார். மன்றத்துக்குள் புகுந்தவர்கள் நடவடிக்கைக் குறிப்பேட்டிலிருந்து அந்தப் பக்கத்தையே கிழித்தெடுத்தார்கள். பெரும் போர் ஒன்று வந்து முடிந்த பிறகும்கூட, சர்வாதிகாரிகளுக்குத் துணிச்சல் கொடுத்தது இந்த வாக்கெடுப்புதான் என்ற பேச்சு ஓயவில்லை.

இதே கருத்துள்ள தீர்மானத்தை ஆறு ஆண்டுகளுக்கு முன்பே கேம்பிரிட்ஜ் யூனியன் நிறைவேற்றியிருந்தது என்பதுதான் இந்த நிகழ்வை ஆராயத் தூண்டுகிறது. 1927 மார்ச்சில், விட்டுக்கொடுக்காத போர் மறுப்பை இங்கிலாந்து மக்கள் ஏற்றால்தான் நிலையான அமைதி கிட்டும் என்று அங்கே 213க்கு 138 என்ற கணக்கில் முடிவானது. விழுக்காடாகப் பார்த்தால் கேம்பிரிட்ஜில் ஏறக்குறைய 61, ஆக்ஸ்ஃபர்டில் 64. பெரிய வித்தியாசம் இல்லை. கேம்பிரிட்ஜ் தீர்மானம் இன்று ஆய்வாளர்களின் அடிக்குறிப்பில் மட்டும் இருக்கிறது.

மன்றமும் அதன் வழக்கமும்

யூனியன் 1823இல் தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் துறை அல்ல. விரும்பியவர்கள் கட்டணம் கட்டிச் சேரும் தனிச் சங்கம். ஆகவே “ஆக்ஸ்ஃபர்டு மாணவர்கள் வாக்களித்தார்கள்” என்று வெளியே சொன்னது முதலிலேயே ஒரு மிகை. அன்று வாக்களித்த 428 பேரும் ஆண்கள்; பெண்களை முழு உறுப்பினராகச் சேர்க்க அந்த மன்றத்துக்கு 1963 வரை ஆயிற்று.

தலைவர், நூலகர், பொருளாளர், செயலர் ஆகிய பதவிகளுக்கு மாணவர்களே போட்டியிட்டு வருகிறார்கள். பெயர்தான் நூலகர், புத்தகம் அடுக்குவது அவர் வேலையல்ல. விவாதத்தின் சட்டகம் நாடாளுமன்றத்திலிருந்து எடுத்தது. முன்மொழிபவர் பேசுவார், எதிர்ப்பவர் பேசுவார், விருந்தினர் பேசுவார், பிறகு அவையிலிருந்து யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். நம் பட்டிமன்றத்தில் இரு பக்கத்தையும் கேட்டுவிட்டு நடுவர் தீர்ப்புச் சொல்வார். சொல்லும்போது இரு பக்கமும் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வார். அங்கே நடுவர் கிடையாது. தலைவர் ஒழுங்கைக் காப்பார், அவ்வளவுதான். முடிவு கேட்டவர்களுடையது. ஆதரிப்பவர்கள் ஒரு கதவு வழியாகவும் எதிர்ப்பவர்கள் மற்றக் கதவு வழியாகவும் வெளியேற, தலைகளை எண்ணுவது இன்றும் அங்கே உள்ள வழக்கம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கதவு வழியாக நடப்பவர் தன் ஆயுள்கால நம்பிக்கையைப் பதிவு செய்கிறாரா, அன்றைக்கு யார் நன்றாகப் பேசினார் என்று சொல்கிறாரா? மன்றத்துக்கு உள்ளே இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதே இல்லை, ஏனென்றால் இரண்டும் கலந்தது என்று அவர்களுக்குத் தெரியும். வெளியே இருப்பவர்களும் கேட்பதில்லை. அவர்களுக்கு எண் மட்டுமே போய்ச் சேருகிறது.

அந்தப் பிப்ரவரி

ஹிட்லர் ஜெர்மனியின் சான்சலரானது ஜனவரி 30. விவாதத்துக்குப் பத்து நாள் முன்பு. இந்தத் தேதியைப் பார்த்ததுமே பின்னால் வந்தவர்கள் எல்லாரும் “ஹிட்லர் வந்த பிறகும் இப்படியா!” என்று அதிர்ந்தார்கள். நியாயமில்லாத அதிர்ச்சி. ரைஷ்டாக் எனும் ஜெர்மானிய நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது பிப்ரவரி 27. ஹிட்லருக்கு முழு அதிகாரம் கொடுத்த சட்டம் மார்ச் 23. பிப்ரவரி 9 அன்று அவையில் உட்கார்ந்திருந்தவருக்கு ஹிட்லர் என்பவர் கூட்டணி அரசொன்றின் புதிய தலைவர்.

அவர்கள் மனத்தில் இருந்த போர் வேறு. இருபது, இருபத்தோரு வயதுக்காரர்கள். 1911, 1912 வாக்கில் பிறந்தவர்கள். அப்பாவையோ சித்தப்பாவையோ சட்டமிட்ட படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். முதல் உலகப் போருக்கு ஆக்ஸ்ஃபர்டிலிருந்து சுமார் 14,500 பேர் போனார்கள். சுமார் 2,700 பேர் திரும்பவில்லை. அவர்களுடைய பெயர்களைச் செதுக்கிய பலகைகளைத் தாண்டித்தான் இந்த மாணவர்கள் தினமும் கல்லூரித் தேவாலயத்துக்குப் போனார்கள்.

அடுத்த போர் அதைவிடக் கொடியதாக இருக்கும் என்றும் சொல்லப்பட்டிருந்தது. 1932 நவம்பர் 10 அன்று ஸ்டான்லி பால்ட்வின் நாடாளுமன்றத்தில், எப்படித் தடுத்தாலும் குண்டு வீசும் விமானம் ஊடுருவி வந்தே தீரும் என்று பேசியிருந்தார். ஆளும் தரப்பின் மூத்த தலைவரே சொன்னது அது. ஜெனீவாவில் ஆயுதக் குறைப்பு மாநாடு ஓராண்டாக இழுத்துக்கொண்டிருந்தது. மஞ்சூரியாவை ஜப்பான் எடுத்துக்கொண்டதை, ஐ.நா.வின் முன்னோடியான சர்வதேச சங்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

தலைப்பில் இருந்த வெடி

தீர்மானத்தை எழுதியவர் அப்போதைய நூலகர் டேவிட் கிரகாம். தலைவர் ஃபிராங்க் ஹார்டி. இந்தக் கதையில் பெயர் பெற்றவர்கள் எல்லாரும் பேச்சாளர்கள். என் கணக்கில் கதாநாயகன் கிரகாம்.

வாக்கியத்தை மறுபடி பாருங்கள். “மன்னருக்காகவும் நாட்டுக்காகவும்” என்பது அவர் உண்டாக்கிய தொடர் அல்ல. 1914இல் ‘உன் மன்னருக்கும் நாட்டுக்கும் நீ தேவை’ என்று இளைஞர்களைப் படைக்கு அழைத்த சுவரொட்டிகளின் தொடர். அந்த வார்த்தைகளைக் கேட்டுப் போனவர்களின் பெயர்கள்தான் தேவாலயச் சுவரில் இருந்தன. ஆகவே மாணவன் காதில் அது ஏமாற்று வார்த்தை. மகனைப் பறிகொடுத்த வீட்டின் காதில் அதுவே புனிதமான வார்த்தை. ஒரே தொடரை இரண்டு தலைமுறை இரண்டு விதமாகக் கேட்டது. கேம்பிரிட்ஜின் 1927ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் ‘நிலையான அமைதி’, ‘போர் மறுப்பு’ என்ற வார்த்தைகள் இருந்தன. அவற்றைக் கேட்டு யாருக்கும் ரத்தம் கொதிக்காது.

அடுத்தது “எந்தச் சூழ்நிலையிலும்”. விவாதத் தலைப்பில் இப்படிப்பட்ட முழுமைச் சொல் எதிரணிக்குக் கொடுக்கும் சீர்வரிசை என்று எந்த அனுபவசாலியும் சொல்வார். ஒரே ஒரு விதிவிலக்கைக் காட்டினால் போதும், தலைப்பு சரிந்துவிடும். தங்கையை ஒருவன் தாக்கினால்? எதிரி கரையிறங்கிவிட்டால்? அன்றைய எதிரணியால் அதைச் சாதிக்க முடியவில்லை. வாக்கியம் பூட்டியிருக்கும் விதம் அப்படி. ‘எந்தச் சூழ்நிலையிலும் போரிடாது’ என்று அது சொல்லவில்லை. மன்னருக்காகவும் நாட்டுக்காகவும் போரிடாது என்கிறது. சர்வதேச சங்கத்துக்காகப் போரிடத் தயார் என்பவரும், தொழிலாளி வர்க்கத்துக்காகத் துப்பாக்கி எடுப்பேன் என்பவரும், கொல்லவே மாட்டேன் என்பவரும் ஒரே கதவில் நுழையலாம். அகலமான கதவு. வெளியிலிருந்து பார்த்தவருக்கோ அது ஒரே கொள்கையுள்ள 275 பேராகத் தெரிந்தது.

கிரகாம் இதைத் திட்டமிட்டே செய்தார் என்று சொல்ல வரவில்லை. நல்ல தலைப்பு எழுதுகிறவர்களுக்குப் பாதி கணக்கு, பாதி கைராசி.

பேச்சுகள்

முன்மொழிந்தவர் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் கெனெல்ம் டிக்பி. எதிர்த்தவர் பேலியல் கல்லூரியின் ஸ்டீல்-மெய்ட்லண்ட். டிக்பி, அமைதிக்காகப் பாடுபடும் ஒரே நாடு சோவியத் ரஷ்யா என்று பேசினார். இந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது, பிறகு பத்திரிகைகள் சிவப்பு அபாயம் என்று கூவுவதற்கு.

எதிரணியில் வலுவாகப் பேசியவர் குவின்டின் ஹாக், முன்னாள் தலைவர், அப்போது வயது 25. நாடு பலவீனமாக இருந்தால் போர் விலகிப்போகாது, தேடிவரும் என்பது அவர் வாதத்தின் சாரம். பின்னாளைய நிகழ்வுகளை வைத்துப் பார்த்தால் அறையில் சரியாகப் பேசியவர் அவர்தான். ஆனால் அன்று அவர் தோற்றார், தோற்றதில் ஆச்சரியமும் இல்லை. எதிர்கால அபாயத்தைப் பற்றிய ஊகம் ஒரு பக்கம், பதினைந்து ஆண்டுக்கு முந்தைய சாவுக் கணக்கு மறு பக்கம். கண்ணால் கண்ட சாவுக்கு முன்னால் ஊகம் எடுபடாது.

ஹாக்குக்குப் பதில் சொல்லும் நிலையில் இருந்தவர் சி. இ. எம். ஜோட். லண்டன் பர்க்பெக் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர், நாற்பதைத் தாண்டியவர், கூட்டத்தைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர். அவர் செய்தது விவாதக் கலை பயில்கிறவர்கள் பிரித்துப் பார்க்க வேண்டிய வேலை. தலைப்பை அவர் தற்காக்கவில்லை. வேறு வார்த்தையில் எழுதிக் கொடுத்தார். அரசு ஆணையிடும்போதெல்லாம் பெருமளவில் கொலை செய்ய இந்த மன்றம் சம்மதிக்காது என்பதே இத்தீர்மானத்தின் உண்மையான பொருள் என்றார். அப்படி எழுதிவிட்ட பிறகு அதை எதிர்த்து எப்படிக் கைதூக்குவது? எதிர்ப்பவர் கொலைக்குச் சம்மதிப்பவராகிவிடுகிறார். எதிரி வந்தால் என்ன செய்வது என்பதற்கு காந்தி வழியிலான எதிர்ப்பைக் காட்டினார். அன்றைக்கு அது செய்தித்தாளில் தினமும் வந்த பெயர். வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது.

அந்த வாக்குகளில் எத்தனை ஜோடின் பேச்சுக்கு, எத்தனை கொள்கைக்கு என்று பிரிக்க வழியில்லை. நானாக இருந்தால் பேச்சுக்குத் தாராளமாகவே கொடுப்பேன்.

புயல்

‘டெய்லி டெலிகிராஃப்’ ஆக்ஸ்ஃபர்டில் விசுவாசமின்மை என்றும் கம்யூனிஸ்டுகளுக்குச் சமிக்ஞை என்றும் தலைப்பிட்டது. ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ மூளை குழம்பிய கம்யூனிஸ்டுகள், குறும்புக்காரர்கள், ஆண்மை சந்தேகத்துக்கு உரியவர்கள் என்று மூன்று வகையாக மாணவர்களைப் பிரித்துக் காட்டியது. ‘தி டைம்ஸ்’ தன் தலையங்கத்துக்கு, வானொலியின் சிறுவர் நிகழ்ச்சி ஒன்றின் பெயரையே வைத்தது: குழந்தைகள் நேரம். சிறுபிள்ளைத்தனம் என்று கடந்துபோகப் பார்த்த அந்தத் தலையங்கம்தான் எல்லாவற்றிலும் சரியான அளவில் இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது, அதில் ஏளனம் இருந்தாலும். ‘மான்செஸ்டர் கார்டியன்’ மாணவர்கள் பக்கம் பரிவோடு எழுதியது.

மன்றத்துக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே 275 வெள்ளை இறகுகள், ஆதரவு வாக்கு ஒவ்வொன்றுக்கும் ஒன்று. 1914 ஆகஸ்டில் ஃபோக்ஸ்டோன் நகரில் அட்மிரல் சார்லஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் தொடங்கிவைத்த வழக்கம் அது: படையில் சேராத இளைஞனைத் தெருவில் கண்டால் ஒரு பெண் அவன் சட்டையில் வெள்ளை இறகைக் குத்துவாள். கோழை என்று பொருள். பிறகு இரண்டாவது பெட்டியும் வந்தது. ஆதரித்து வாக்களித்தவர்கள் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளலாம் என்று தலைவர் ஹார்டி அறிவித்தார்.

பிப்ரவரி 17 அன்று சோஷலிச, கம்யூனிச எதிர்ப்புச் சங்கக் கூட்டத்தில் பேசிய வின்ஸ்டன் சர்ச்சில், இழிவான, அருவருப்பான, வெட்கம்கெட்ட வாக்குமூலம் என்று இதைச் சாடினார். இதற்கிடையில்தான் ஒரு கும்பல் மன்றத்துக்குள் நுழைந்து குறிப்பேட்டின் பக்கத்தைக் கிழித்தது.

750க்கு 138

மார்ச் 2. சர்ச்சிலின் மகன் ராண்டால்ஃப், முன்னாள் மாணவர், வயது 21, பிப்ரவரி 9இன் தீர்மானத்தை மன்றப் பதிவுகளிலிருந்து நீக்க வேண்டும் என்ற தீர்மானத்தோடு வந்தார். அவையில் துர்நாற்றக் குண்டு வெடித்தது. வாக்கெடுப்பில் 750 பேர் அவருக்கு எதிராக, 138 பேர் ஆதரவாக. போலீஸ் காவலோடு வெளியேற வேண்டியதாயிற்று.

இந்த நிகழ்வில் அதிகம் சொல்வது என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது எண்தான். முதல் இரவில் தீர்மானத்தை எதிர்த்தவர்கள் 153. மூன்று வாரம் கழித்து, இரண்டு மடங்குக் கூட்டத்தில், அதை அழிக்க முன்வந்தவர்கள் 138. பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் இத்தனை நாள் வசைபாடிய பிறகு, அந்தப் பக்கம் பெருகியிருக்க வேண்டும். குறைந்திருக்கிறது. 750 பேரும் போர் மறுப்பாளர்களாக மாறிவிட்டார்கள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். தலைப்பு மாறிவிட்டது. இப்போதைய கேள்வி, எங்கள் மன்றத்தில் நாங்கள் எடுத்த முடிவை வெளியிலிருந்து வந்து நீ அழிப்பாயா என்பது. பிப்ரவரியில் ‘இல்லை’ கதவில் போனவர்களில் பலர் மார்ச்சில் ராண்டால்ஃபை எதிர்த்திருக்கக்கூடும். கணக்கு அப்படித்தான் நினைக்கவைக்கிறது.

ஒரு மாணவர் மன்றத்தைப் பணியவைக்க வேண்டுமா? அதன் பழைய முடிவை அழிக்கச் சொல்லாதீர்கள். மறுபடி விவாதிக்கச் சொல்லுங்கள். ராண்டால்ஃப் அதே தலைப்பில் இன்னொரு விவாதம் கேட்டிருந்தால், ஜோட் இல்லாத மேடையில், ஒருவேளை வென்றிருப்பார்.

சர்வாதிகாரிகள் கேட்டார்களா?

1948இல் வெளிவந்த தன் போர் நினைவு நூலின் முதல் தொகுதியில் சர்ச்சில் மறுபடி இதை எடுத்தார். ஜெர்மனி, ரஷ்யா, இத்தாலி, ஜப்பான் எங்கும் பிரிட்டன் சோர்ந்துவிட்டது என்ற எண்ணம் வேரூன்ற இத்தீர்மானம் காரணமானது என்பது அவர் வாதம். கதை நன்றாக இருந்ததால் நிலைத்துவிட்டது. 1979இல் வரலாற்றாசிரியர் மார்ட்டின் சீடெல் ஆவணங்களை அலசிப் பார்த்தபோது, ஹிட்லரோ முசோலினியோ இந்த வாக்கெடுப்பை வைத்து எந்த முடிவும் எடுத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

பிரிட்டிஷ் மக்களின் மனநிலையை அளக்க இதைவிடப் பெரிய அளவுகோல்களும் இருந்தன. 1933 அக்டோபரில் கிழக்கு ஃபுல்ஹாம் இடைத்தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சியின் 14,521 வாக்கு முன்னிலை கரைந்து, லேபர் வேட்பாளர் 4,840 வாக்கில் வென்றார். அமைதி ஆதரவுக்குக் கிடைத்த வெற்றி என்றே அரசு அதைப் படித்தது. 1934, 35இல் நடந்த ‘அமைதி வாக்கெடுப்’பில் 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் எழுதினார்கள். ஆக்கிரமிக்கும் நாட்டைத் தேவைப்பட்டால் படைபலம் கொண்டு தடுக்கலாமா என்ற கேள்விக்கு 67 லட்சத்துக்கு மேல் ஆம் என்றார்கள், 23 லட்சத்துக்கு மேல் இல்லை என்றார்கள். கேள்வியை இப்படி உடைத்துக் கேட்டிருந்தால் அந்த 275 பேரும் எத்தனை துண்டாகப் பிரிந்திருப்பார்கள் என்று யோசிக்கலாம். அமெரிக்கக் கல்லூரிகளிலோ ‘ஆக்ஸ்ஃபர்டு உறுதிமொழி’ என்ற பெயரில் அந்த வாக்கியம் தனி வாழ்க்கை வாழ்ந்தது. தங்கள் அரசு நடத்தும் எந்தப் போரையும் ஆதரிக்க மாட்டோம் என்று மாணவர்கள் அதை மாற்றி எழுதிக்கொண்டார்கள்.

1939 செப்டம்பரில் போர் வந்ததும் ஆக்ஸ்ஃபர்டில் அமைந்த ஆள்சேர்ப்பு வாரியத்தின் முன், தகுதியுள்ள ஏறக்குறைய 3,000 மாணவர்களில் 2,632 பேர் தாமாக முன்வந்தார்கள். தீர்மானத்தைப் பொய்யாக்கியதாக இதைப் பலரும் காட்டுவார்கள். ஆள் வேறு என்பதை மறந்துவிடுகிறார்கள்: 1933இல் வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். ஐம்பதாண்டு நிறைவில், 1983இல், மன்றம் அதே கேள்வியை மறுபடி எடுத்தபோது தீர்மானம் 416க்கு 187 என்று தோற்றது. அந்த 416 பேரையும் வைத்து எதையாவது நிரூபிக்க யாராவது முயன்றால், அதே ஜாக்கிரதையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

பேசியவர்கள் போன திசை

ஜோட் 1940க்குள் போர் மறுப்பைக் கைவிட்டு, ஹிட்லருக்கு எதிரான போரை ஆதரித்தார். பலவீனம் போரை அழைக்கும் என்று வாதிட்ட ஹாக், 1938 அக்டோபரில் ஆக்ஸ்ஃபர்டு இடைத்தேர்தலில் நின்றார். மியூனிக்கில் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த பிரதமர் சேம்பர்லினை ஆதரித்து நின்று, வென்றார். பிறகு போர்முனைக்குப் போய்க் காயம்பட்டார்.

முன்மொழிந்த டிக்பி சட்டம் படித்துவிட்டு, போர்னியோத் தீவில் புரூக் குடும்பம் ஆண்ட சரவாக்கில் வேலைக்குப் போனார். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை அங்கே இறங்கியது. ‘பத்து லின்டாங்’ என்ற கைதி முகாமில் அவரை அடைத்தார்கள். 1945 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் படை வந்துதான் அந்த முகாமைத் திறந்தது.